இழுத்த இடம் இறுக வேண்டும்: அதிநுண் மணி எஃகும் பிரஸ் பட்டறையும்

சேலம் சூரமங்கலம் பக்கம் எனக்குத் தெரிந்த ஒரு பிரஸ் பட்டறை இருக்கிறது. மின்மோட்டாரின் பின்பக்கம் சுழலும் காற்றாடியை மூடுகிற இரும்புக் குல்லாதான் அங்கே பெரும்பாலும் ஓடும் வேலை. 1 மில்லிமீட்டர் ஷீட்டை வட்டமாக வெட்டி, ஓரத்தைச் சுற்றிலும் இறுக்கிப் பிடித்துக்கொள்வார்கள். மேலிருந்து பஞ்ச் என்ற அமுக்குக் கட்டை இறங்கும். குல்லா கீழே விழும். பல வருஷமாகத் தொந்தரவில்லாமல் ஓடிய வேலை அது.

ஒருநாள் காலையில் உரிமையாளர் போன் செய்தார். "அண்ணா, கிலோவுக்குக் காசு கூடக் கொடுத்து ஸ்ட்ராங்கான ஷீட்டா வாங்கிப் போட்டேங்க. பழைய ஷீட்டு ஒண்ணும் பண்ணல, இதுதான் கிழியுது. டை போயிருச்சோ என்னவோ, வந்து பாருங்க."

போய்ப் பார்த்தேன். டைக்கு, அதாவது ஷீட்டுக்கு வடிவம் கொடுக்கும் அச்சுக்கு, ஒன்றும் ஆகவில்லை. கிழிந்த குல்லாவைக் கையில் எடுத்தால், உச்சியிலிருந்து இரண்டு விரற்கடை தள்ளி, பிறை மாதிரி வளைந்த ஒரு கிழிசல். அதன் இரண்டு கரைகளும் பிளேடு போல மெலிந்திருந்தன. ஆனால் அங்கிருந்து ஒரு அங்குலம் தள்ளி மைக்ரோமீட்டர் வைத்துப் பார்த்தால், ஷீட் வாங்கிய கனத்திலேயே இருந்தது என்று சொல்லலாம். அதாவது, குல்லா முழுக்கப் பங்கிட்டுக்கொள்ள வேண்டிய இழுப்பை அந்த ஒரு பிறைக்கோடு மட்டும் தன் தலையில் வாங்கிக்கொண்டு செத்துப்போயிருக்கிறது.

ஷீட்டோடு வந்த சான்றிதழை வாங்கிப் பார்த்ததும் விஷயம் புரிந்தது. கொஞ்சமாக நியோபியம் சேர்த்து, உருட்டும்போதே உள்மணியை நுண்மையாக்கிய சரக்கு. லாரி சேசிஸ், பிராக்கெட் போன்றவற்றுக்கு அருமையான எஃகு. குல்லாவுக்குத்தான் ஆகாது. வலிமையான எஃகு ஏன் முதலில் கிழிகிறது என்பதை அவரிடம் டீக்கடையில் உட்கார்ந்து அரைமணி நேரம் சொன்னேன். அதை இங்கே இன்னும் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். உலோகவியல் படிக்கும் பிள்ளைகளுக்கும் பிரஸ் வேலை செய்பவர்களுக்கும் சேர்த்துத்தான் இது.

முதலில் மணி என்றால் என்ன என்று பார்த்துவிடலாம்.

கருப்பூரில் இருக்கிற அரசு பொறியியல் கல்லூரியில் உலோகவியல் ஒரு தனித் துறை. அந்தப் பக்கம் போனால் சேர்வராயன் மலையடிவாரத்தில் மாக்னசைட் வெட்டிய வெள்ளைக் குவியல்கள் கண்ணில் படும். எஃகு உலைக்குள் பதிக்கும் செங்கல்லுக்குப் போகிற கல் அது. உலோகவியல் எங்கே படித்தாலும் மாணவர்கள் முதலில் கற்கிற கைவேலை ஒன்று உண்டு: ஒரு துண்டு எஃகை எடுத்து எமரித் தாளில் தேய்ப்பது. முரட்டுத் தாளில் தொடங்கி, ஒவ்வொரு தாளுக்கும் துண்டைக் குறுக்கே திருப்பித் திருப்பித் தேய்த்து, கடைசியில் அலுமினாத் தூள் கலந்த தண்ணீர் ஊற்றிய வெல்வெட் துணியில் கண்ணாடி மாதிரி ஆக்க வேண்டும். அப்புறம் நைட்டல் சில சொட்டு. ஆல்கஹாலில் 2 சதவீதம் நைட்ரிக் அமிலம் கலந்தது அது. சில விநாடிகளில் கண்ணாடிமேல் மூச்சு விட்டதுபோல அந்தப் பளபளப்பு மங்கும். உடனே கழுவி, காயவைத்து, மைக்ரோஸ்கோப்பில் 100 மடங்கு பெரிதாக்கிப் பார்க்க வேண்டும்.

முதல் தடவை பார்க்கிற யாருக்கும் அது மறக்காது. ஒரே இரும்பு என்று நினைத்தது, காய்ந்து வெடித்த ஏரிப்படுகை மாதிரி கோடு கோடாகப் பிரிந்து கிடக்கும். ஒவ்வொரு கட்டமும் ஒரு படிகம். அதைத்தான் மணி என்கிறோம். கட்டத்துக்குள் இரும்பு அணுக்கள் நட்ட நாற்று மாதிரி வரிசையாக நிற்கின்றன. அடுத்த கட்டத்திலும் வரிசைதான், ஆனால் வேறு திசையில். ஒரு வயலில் கிழக்கு மேற்காக நட்டு, பக்கத்து வயலில் கோணலாக நட்டால் எப்படி இருக்குமோ அப்படி. நடுவில் தெரியும் கோடு, இரண்டு வயலுக்கும் இடையிலான வரப்பு.

பீரோப் பட்டறைக்கு வருகிற மென்மையான குறைகார்பன் ஷீட்டில் ஒரு மணி சுமார் 20, 25 மைக்ரான் இருக்கும். மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மைக்ரான். தலைமுடி கனத்தில் மூன்றில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். அதிநுண் மணி எஃகு என்று ஆய்வாளர்கள் சொல்வது 1 மைக்ரானும் அதற்குக் கீழும். கேட்கும்போது 20-க்கும் 1-க்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. எண்ணிப் பார்த்தால்தான் தெரியும். ஒரு கன மில்லிமீட்டர் இரும்பில், அதாவது கடுகு அளவில், 20 மைக்ரான் மணிகள் 1,25,000 அடங்கும். 1 மைக்ரான் மணிகள் 100 கோடி அடங்கும். சாதாரண மைக்ரோஸ்கோப்பில் இவற்றின் வரப்புகளைத் தெளிவாகப் பிரித்துப் பார்க்கவே முடியாது. எலெக்ட்ரான் மைக்ரோஸ்கோப்புக்குப் போக வேண்டும்.

சரி, வரப்பு கூடினால் என்ன ஆகிறது?

உலோகம் வளைவதும் நீள்வதும், அணு வரிசைகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்குவதால்தான். ஆனால் ஒரு வரிசை முழுவதும் ஒரே நேரத்தில் வழுக்குவதில்லை. கல்யாண மண்டபத்தில் விரித்த பெரிய பவானி ஜமுக்காளத்தை அரை அடி நகர்த்த வேண்டும். முழுதாக இழுத்தால் நாலு பேர் சேர்ந்தாலும் வராது. ஒரு ஓரத்தில் சின்ன மடிப்பு எடுத்து, அந்த மடிப்பை மறுஓரம் வரை தள்ளிக்கொண்டே போனால் ஒரே ஆள் நகர்த்திவிடலாம். படிகத்துக்குள் அப்படி ஓடுகிற மடிப்புக்குத்தான் டிஸ்லொகேஷன் என்று பெயர். இரும்பு வளைந்துகொடுப்பதற்கு இந்த மடிப்புகள்தான் காரணம்.

மடிப்பு ஓடிவந்து வரப்பில் முட்டுகிறது. அடுத்த வயலில் வரிசை வேறு திசை, நேராகப் போக முடியாது. பின்னால் வரும் மடிப்புகளும் வந்து நெரிக்கும். அந்த நெரிசல் போதிய அளவு வந்தால்தான் அடுத்த மணிக்குள் வழுக்கல் தொடங்கும். வயல் சிறிதானால் நெரிசலுக்கு நிற்கக்கூடிய மடிப்புகளின் எண்ணிக்கையும் குறையும். அதே நெரிசலை உண்டாக்க வெளியிலிருந்து அதிக விசை கொடுக்க வேண்டும். மணி சிறுக்கச் சிறுக்க எஃகு வலுக்கிறது என்பதன் காரணம் இவ்வளவுதான்.

இதை அளந்து சமன்பாடாக எழுதியவர்கள் இங்கிலாந்தில் ஆய்வு செய்த இருவர்: 1951-ல் ஹால், 1953-ல் பெட்ச். மணியின் விட்டத்துக்கு வர்க்கமூலம் எடுத்து, அதன் தலைகீழ் விகிதத்தில் வலிமை ஏறும் என்றார்கள். குறைகார்பன் எஃகுக்குப் பொதுவாக எடுக்கும் எண்களைப் போட்டுப் பார்த்தால், 25 மைக்ரானில் வரப்புகள் கொடுக்கும் வலிமை, அதை அளக்கும் மெகாபாஸ்கல் அலகில், சுமார் 120. 1 மைக்ரானில் சுமார் 600. இரும்பின் சொந்தப் பங்கு ஒரு 80 சேர்த்தால், 200-ல் வளைய ஆரம்பித்த எஃகு இப்போது 680 வரை அசையாது. ஒரு கிராம் நிக்கல் சேர்க்கவில்லை, குரோமியம் சேர்க்கவில்லை. அதே இரும்பு, அதே துளி கார்பன், அதே மாங்கனீசு.

மாங்கனீசு என்றதும் ஒன்றைச் சொல்லாமல் தாண்ட மனமில்லை. கிழக்கிந்தியக் கம்பெனி உத்தியோகத்தில் வந்த ஜோசையா மார்ஷல் ஹீத், 1830 வாக்கில் பரங்கிப்பேட்டையில் இரும்பு உருக்காலை தொடங்கினார். அதற்கு இரும்புக்கல் சேலம் பகுதியிலிருந்துதான் போனது. பிறகு ஊர் திரும்பிய அதே ஹீத்தான் எஃகில் மாங்கனீசு சேர்க்கும் முறைக்கு 1839-ல் இங்கிலாந்தில் காப்புரிமை எடுத்தார். இன்று உலகத்தில் ஓடுகிற குறைகார்பன் ஷீட் எல்லாவற்றிலும் மாங்கனீசு இருக்கிறது. கந்தகத்தைத் தன்னோடு கட்டிவைத்து, சூட்டில் எஃகு வெடிக்காமல் காப்பது அதுதான். சேலத்தின் இரும்புக்கல் மலையான கஞ்சமலையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இது ஞாபகம் வரும்.

நுண்மணிக்கு இன்னொரு பெரிய குணம் உண்டு. எஃகை வலுவாக்கும் மற்ற வழிகள் பெரும்பாலும் அதை முறியும் தன்மைக்குத் தள்ளிவிடும். கார்பனைக் கூட்டினாலும் அப்படித்தான், குளிர்நிலையில் நசுக்கினாலும் அப்படித்தான். மணியைச் சிறிதாக்கினால் மட்டும் வலிமையும் கூடும், குளிரில் பொட்டென்று முறியாத தன்மையும் சேர்ந்து கூடும். பாலம், கப்பல், எரிவாயுக் குழாய் செய்பவர்கள் இதை விரும்புவதற்கு அதுதான் காரணம்.

இவ்வளவு நல்லது என்றால் குல்லா ஏன் கிழிந்தது? இங்கேதான் நம் ஆட்கள் பலரும் தடுமாறுகிறார்கள். ஷீட் வடிவத்துக்கு வருவதற்கு மென்மையாக இருந்தால் போதும் என்று நினைக்கிறோம். மென்மை முக்கியமில்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது: இழுக்கப்பட்ட இடம் இறுக வேண்டும்.

செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுக்கு வெள்ளிக் கம்பி இழுப்பதைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். துளையில் விட்டு இழுக்க இழுக்கக் கம்பி விறைத்துக்கொண்டே போகும். ஒரு கட்டத்தில் நெருப்பில் காட்டிப் பதம் ஏற்றாவிட்டால் அறுந்துவிடும். அந்த விறைப்பைத் தொந்தரவு என்றுதான் நினைப்போம். ஆனால் பிரஸ் வேலையில் அந்த விறைப்புதான் நம்மைக் காப்பாற்றுகிறது. ஷீட்டில் ஓர் இடம் கொஞ்சம் கூடுதலாக இழுபடுகிறது என்று வையுங்கள். அது மெலிகிறது. மெலிந்தால் பலம் குறைய வேண்டும். ஆனால் அதே இழுப்பில் அது இறுகிவிட்டதால், மெலிந்தும் தாங்கி நிற்கிறது. விசை இப்போது பக்கத்தில் இருக்கும் இறுகாத இடத்தைத் தேடிப் போகும். அது இழுபட்டு, இறுகி, தனக்குப் பக்கத்து இடத்துக்குத் தள்ளிவிடும். இப்படிக் கைமாறிக் கைமாறி குல்லா முழுவதும் சுமையைப் பகிர்ந்துகொள்கிறது. இறுகாத எஃகில் கைமாறல் கிடையாது. முதலில் மெலிந்த இடமே மேலும் மெலியும். கழுத்து விழுந்தது என்போம். பிறகு கிழிசல்தான்.

கழுத்து எப்போது விழும் என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. 1885-ல் கான்சிடேர் என்ற பிரெஞ்சுப் பாலப் பொறியாளர் சொன்னது. ஒவ்வொரு 1 சதவீத நீட்சிக்கும் குறுக்குப்பரப்பு ஏறக்குறைய 1 சதவீதம் குறைகிறது. அதை ஈடுகட்ட, எஃகு அப்போது தாங்கிக்கொண்டிருக்கும் அளவில் 1 சதவீதமாவது இறுக வேண்டும். 300 மெகாபாஸ்கலில் நிற்கும் எஃகு ஒவ்வொரு சதவீத நீட்சிக்கும் 3 மெகாபாஸ்கல் சம்பாதித்தால் போதும். 700-ல் நிற்கும் எஃகு 7 சம்பாதிக்க வேண்டும். செலவு அதிகமுள்ள குடும்பத்துக்கு வருமானமும் அதிகம் வேண்டும் என்கிற மாதிரி. மணியை நுண்மையாக்கும்போது செலவு ஏறிவிடுகிறது, வருமானம் அதே இடத்தில் நிற்கிறது. 1 மைக்ரானுக்குக் கீழே போனால் வருமானமே விழுந்துவிடுகிறது.

ஏன் விழுகிறது? இறுகுவது என்றால், மடிப்புகள் ஓடி ஓடி ஒன்றோடொன்று சிக்கி மணிக்குள்ளே தேங்குவது. சாதாரண மணியை நன்றாக நசுக்கினால் உள்ளே இந்தச் சிக்கல்கள் சின்னச் சின்ன அறைகள் போலக் கட்டிக்கொள்ளும். அந்த அறை ஒன்றே அரை மைக்ரான், ஒரு மைக்ரான் இருக்கும். மணியே அந்த அளவுதான் என்றால் சிக்கிக்கொள்ள இடம் எங்கே? ஒரு வரப்பில் பிறந்த மடிப்பு நேரே எதிர் வரப்பில் போய்க் கரைந்துவிடுகிறது. பத்துக்குப் பத்து அறையில் லாரி லோடு மூட்டையை அடுக்க முடியாத மாதிரிதான்.

சுஜியும் அவருடைய சகாக்களும் ஜப்பானில் 2002-ல் வெளியிட்ட சோதனைகளில் இது அப்பட்டமாகத் தெரிந்தது. அலுமினியத்திலும் இரும்பிலும் மணி அளவைப் படிப்படியாக மாற்றி இழுத்துப் பார்த்தார்கள். வலிமை ஹால், பெட்ச் சொன்னபடி ஏறிக்கொண்டே போனது. கழுத்து விழும் முன் கிடைக்கும் சீரான நீட்சி மட்டும் 1 மைக்ரானை ஒட்டித் திடீரென்று தரைக்கு வந்தது. நல்ல மென்ஷீட்டில் அந்த நீட்சி 20 சதவீதத்துக்கு மேல் இருக்கும். அதிநுண் மணியில் ஓரிரண்டு சதவீதம்கூடக் கிடைக்காமல் போகலாம். பட்டறைக்காரர் வாங்கியது அதிநுண் மணிகூட இல்லை, 5 மைக்ரானை ஒட்டிய சரக்கு. பாதி வழியிலேயே இப்படி.

இதோடு இன்னொரு தொல்லையும் சேர்கிறது. சேலம் பட்டறைகளில் இதைப் பார்க்காதவர் குறைவு. கோடவுனில் போன கோடைக்கு வாங்கிப்போட்ட ஷீட்டை எடுத்து உருளையில் கொடுத்து டிரம் மாதிரி வளைக்கிறீர்கள். வழுவழுவென்று வளையாமல் பட்டை பட்டையாக மடிந்து, பல கோணக் குழாய் மாதிரி வரும். பிரஸ்ஸில் அடித்தால் வெள்ளைக் கோடுகள் சாய்வாக ஓடும். பெயின்ட் அடித்தாலும் மறையாது. இதற்குக் காரணம் கார்பன், நைட்ரஜன் அணுக்கள். அவை மெல்ல நகர்ந்துவந்து மடிப்புகளைச் சுற்றி உட்கார்ந்து பூட்டிவிடுகின்றன. காட்ரெல், பில்பி இருவரும் 1949-ல் இதை விளக்கினார்கள். வெயில் ஏற ஏற அந்த நகர்வு வேகமாகும். சித்திரை மாதத்துத் தகரக் கொட்டகையைக் கேட்கவே வேண்டாம். பூட்டு உடைந்த இடம் மட்டும் சட்டென்று நீண்டுவிடும், மற்ற இடம் அப்படியே நிற்கும். அந்த எல்லைதான் கோடாகத் தெரிகிறது. லூடர்ஸ் பட்டை என்று பெயர். ஆலையில் கடைசியாக ஒரு சதவீதம் அளவுக்கு லேசாக உருட்டி அனுப்புவது இந்தப் பூட்டை முன்கூட்டியே உடைத்துவைக்கத்தான். நாள்பட்டால் திரும்பப் பூட்டிக்கொள்ளும்.

மணி சிறுக்கச் சிறுக்க இந்தப் பட்டையின் நீட்சி கூடும். அதிநுண் மணியில் பூட்டு உடைந்த இடம், இறுகுவதற்கு வழியில்லாமல், அப்படியே கழுத்தாகிவிடுகிறது.

ஆனால் பிரஸ் வேலை எல்லாமே இழுத்து நீட்டும் வேலை இல்லை. டம்ளர் அடிப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். ஓரத்தை இறுக்கிப் பூட்டாமல், லேசாக அமுக்கிப் பிடித்து, வட்டத் தகடு உள்ளே வழுக்கிப் போக விடுகிறோம். அங்கே ஷீட் மெலிவதைவிட ஓரம் சுருங்கி உள்ளே வருவதுதான் நடக்கிறது. இதற்கு வேண்டிய குணம் வேறு: கனவாக்கில் மெலியாமல், அகலவாக்கில் சுருங்கிக்கொடுப்பது. லாங்க்ஃபோர்டு பெயரில் அழைக்கப்படும் ஆர் மதிப்பு இதைத்தான் அளக்கிறது. நல்ல ஆழ்-இழுப்பு ஷீட்டில் அது 1.5-க்கு மேல் இருக்கும், அணு வரிசைகளுக்கு நடுவே கார்பன், நைட்ரஜன் தனியாகத் தங்காத இன்டர்ஸ்டிஷியல்-ஃப்ரீ எனப்படும் வகையில் 2-ஐத் தொடும். மணிகளின் படிகத் திசைகள் ஒரு குறிப்பிட்ட விதமாக அடுக்கியிருந்தால்தான் இந்த மதிப்பு கிடைக்கும். குளிர் உருட்டலுக்குப் பிறகு சூடேற்றி, மணிகளைக் கொஞ்சம் வளரவிட்டால்தான் அந்த அடுக்கு நன்றாக அமையும். வளரவே விடாத அதிநுண் மணிக்கு அந்த வாய்ப்பு குறைவு. இருந்தாலும் டம்ளர் வேலையில் அது குல்லா வேலை அளவுக்குத் தோற்றுப்போவதில்லை. ஓரத்தைச் சுருக்க அதிக விசை வேண்டும் என்றால், அந்த விசையைத் தாங்கும் சுவரும் அதே எஃகுதானே, அதுவும் அதே அளவு வலுத்திருக்கும். ஒன்றுக்கொன்று ஈடாகிவிடுகிறது. ஒரே ஷீட்டைப் பற்றி ஒருவர் நன்றாக வருகிறது என்றும் இன்னொருவர் கிழிகிறது என்றும் சத்தியம் செய்வது இதனால்தான். இரண்டு பேர் சொல்வதும் உண்மை.

வளைக்கும் வேலைக்கு வந்தால் பிரச்சினை கிழிசல் இல்லை, திரும்பி எழுவது. பீரோக் கதவின் ஓரத்தை 90 பாகைக்கு மடித்து விட்டால் ஒரு பாகை, இரண்டு பாகை திரும்பும். ஆபரேட்டர் அதைக் கைப்பழக்கத்தில் கூடுதலாக மடித்துச் சரி செய்துவிடுவார். மணியைச் சிறிதாக்கினால் வளையத் தொடங்கும் வலிமை ஏறுகிறது, மீள்கிற அளவுக்குள் எஃகு வளைவை எவ்வளவு எதிர்க்கிறது என்று காட்டும் மீள்தன்மைக் குணகம் மட்டும் மாறுவதே இல்லை. எந்த மணியாக இருந்தாலும் 210 கிகாபாஸ்கலை ஒட்டித்தான். ஆகவே வலிமை 3 மடங்கு ஏறினால், அதே கனம், அதே வளைவுக்குத் திரும்பி எழுவதும் ஏறக்குறைய 3 மடங்கு. பிரஸ்ஸின் டன்னேஜும் அதற்கேற்ப வேண்டும். 40 டன் பிரஸ்ஸை வைத்துக்கொண்டு அந்த ஷீட்டோடு மல்லுக்கட்ட முடியாது.

நுண்மணிக்கு நியாயமாகச் சேர வேண்டியதையும் சொல்ல வேண்டும். மணி பெரிதாகிப்போன ஷீட்டை இழுத்தால் மேற்பரப்பு ஆரஞ்சுத் தோல் மாதிரி சொரசொரப்பாகும். ஒவ்வொரு மணியும் தன் போக்கில் திரும்பி மேலே முண்டுவதால் வருவது அது. நுண்மணியில் அந்தத் தொல்லை இல்லை. கூர்மையான மடிப்பு, வெட்டிய துளையின் ஓரத்தை விரித்துக் கழுத்து எழுப்புவது போன்ற வேலைகளில் இழுப்பு ஒரு சிறிய இடத்தில்தான். அங்கே சீரான நீட்சியைவிட, கழுத்து விழுந்த பிறகும் கிழியாமல் தாக்குப்பிடிக்கும் குணம்தான் கணக்கு. ஒரே சீரான நுண்மணி அதை நன்றாகவே கொடுக்கும்.

சரி, இவ்வளவு சிறிய மணியை எப்படித்தான் உண்டாக்குகிறார்கள்? கடுமையாகக் கசக்கிப் பிழிந்துதான். சோவியத் நாட்டு மின்ஸ்கில் செகால் என்ற ஆய்வாளர் 1970களில் ஒரு வழி கண்டுபிடித்தார். எல் எழுத்து மாதிரி முறித்த குழாய்க்குள் எஃகுக் கட்டையைத் தள்ளுவது. உள்ளே போன அதே குறுக்களவில் மறுபக்கம் வரும், ஆனால் முக்கில் திரும்பும்போது உள்ளே பலமாக வழுக்கிச் சிதைந்திருக்கும். அளவு மாறாததால் திரும்பத் திரும்பத் தள்ளலாம். ஷீட்டுக்கு ஒசாகா பல்கலைக்கழகத்தில் 1990களின் கடைசியில் வந்த முறை இன்னும் அழகானது. ஷீட்டைப் பாதியாக வெட்டி, பரப்பைத் துலக்கி, ஒன்றன்மேல் ஒன்று அடுக்கி, பாதிக் கனத்துக்கு உருட்டுவது. இரண்டும் ஒட்டிக்கொள்ளும், கனம் பழையபடி வந்துவிடும். திரும்ப வெட்டு, அடுக்கு, உருட்டு. 10 தடவை செய்தால் ஒரு மில்லிமீட்டருக்குள் 1,024 அடுக்கு.

இரண்டும் ஆய்வகத்துக்குச் சரி. நிமிஷத்துக்கு நூற்றுக்கணக்கான மீட்டர் ஓடும் ஆலையில் இதைச் செய்ய முடியாது. ஜப்பானின் சுகுபாவில் 1997-ல் அரசு ஆய்வு நிலையம் ஒரு பெரிய திட்டமே தொடங்கியது. கலப்பு உலோகம் அதிகம் சேர்க்காமல், எஃகின் வலிமையையும் ஆயுளையும் இரண்டு மடங்காக்க வேண்டும் என்பது இலக்கு. கலப்பு குறைவாக இருந்தால் பழைய இரும்பை உருக்கித் திரும்பப் பயன்படுத்துவதும் சுலபம். நல்ல நோக்கம், நிறையக் கற்றுக்கொடுத்த திட்டம். ஆனாலும் இன்று ஆலைகளில் டன் கணக்கில் ஓடுவது பெரும்பாலும் சில மைக்ரான் அளவு மணிதான். அதைத் தாண்டிக் கீழே இறங்கினால் சீரான நீட்சி போய்விடும் என்ற தடை உருட்டும் சிரமத்துக்கு நிகரானது.

தடையைத் தாண்டும் முயற்சிகளில் எனக்கு மிகவும் பிடித்தது, மணிக்குள் வேறு ஒன்றைத் தூவிவைப்பது. மடிப்பு எதிர் வரப்பில் கரைவதற்குள் அதை மறித்து நிறுத்த ஏதாவது வேண்டும். இரும்புக் கார்பைடின் மிக நுண்ணிய துகள்கள் அதைச் செய்யும். 0.13 சதவீதம் கார்பன் உள்ள சாதாரண எஃகைத் தண்ணீரில் தோய்த்துக் கடினமாக்கி, பாதிக் கனத்துக்குக் குளிரில் உருட்டி, 500 பாகை செல்சியஸ் அளவில் ஆய்வாளர்கள் சூடேற்றிப் பார்த்தார்கள். மணி 0.2 மைக்ரானுக்கும் கீழே வந்தது. இழுவிசை வலிமை 870 மெகாபாஸ்கல், சீரான நீட்சி 8 சதவீதம். மென்ஷீட்டோடு வைத்துப் பார்த்தால் 8 குறைவுதான். ஆனால் வெறும் அதிநுண் மணியின் ஒன்று, இரண்டோடு வைத்துப் பாருங்கள். ஜெர்மனியின் டுசல்டார்ஃபில் மாக்ஸ் பிளாங்க் நிலையத்தார் மிதமான சூட்டில் பலமாக அமுக்கி, 1.3 மைக்ரான் மணியும் கார்பைடு தூவலும் சேர்ந்த எஃகைச் செய்து காட்டினார்கள். மென்மணிகளுக்கு இடையே மார்ட்டென்சைட் என்ற கடினமான படிக அமைப்பைத் தீவு தீவாக வைக்கும் இரட்டைக்கட்ட எஃகும் இந்த வழியின் உறவுதான். காருக்குள் ஏற்கெனவே வந்துவிட்டது.

எவர்சில்வர் இந்த விஷயத்தில் கொடுத்துவைத்தது. கஞ்சமலை அடிவாரத்தில் சேலம் உருக்காலை உருட்டி அனுப்புகிற துருப்பிடிக்காத எஃகில், 304 போன்ற வகைகள் இழுக்க இழுக்க உள்ளே அமைப்பே மாறி மார்ட்டென்சைட் ஆகத் தொடங்கும். இழுபட்ட இடம் அங்கேயே பலமாக இறுகிவிடுகிறது. 50 சதவீதத்துக்கு மேல் நீண்டுகொடுப்பது அதனால்தான். மணியை நன்றாக நுண்மையாக்கினாலும் அந்த இறுகும் வருமானம் நிற்பதில்லை. குறைகார்பன் இரும்புக்கு அந்த வரம் கிடையாது.

வெல்டிங்கையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். நுண்மணி என்பது வேண்டா வெறுப்பாக உட்கார்ந்திருக்கும் கூட்டம். சூடு கிடைத்தால் பக்கத்து மணியை விழுங்கி வளரத்தான் பார்க்கும். பற்றவைத்த இடத்தை ஒட்டி மணி பெருத்து, காசு கொடுத்து வாங்கிய வலிமை அந்த அகலத்துக்குப் போய்விடும். வெல்டிங் அதிகமுள்ள சாமானுக்கு இந்த எஃகை எடுக்குமுன் யோசிக்க வேண்டும்.

பட்டறைக்குத் திரும்பி வருகிறேன். உரிமையாளருக்கு நான் சொன்னதில் பாதி நம்பிக்கை வந்தது, பாதி வரவில்லை. அதனால் ஒரு வேலை செய்தோம். பழைய ஷீட் மிச்சம் கொஞ்சம் இருந்தது, ஈடிடி என்று கடையில் கேட்டு வாங்குகிற மென்சரக்கு. அதில் ஒரு வட்டமும் புதிய ஷீட்டில் ஒரு வட்டமும் வெட்டினோம். இரண்டிலும் அழியாத மை தொட்டு, 5 மில்லிமீட்டர் வளையங்களாகத் தொட்டுத் தொட்டு அச்சு வைத்தோம். அவர் மகன்தான் பொறுமையாக உட்கார்ந்து வைத்தான். ஒரே டை, ஒரே எண்ணெய், ஒரே ஆபரேட்டர்.

மென்ஷீட்டுக் குல்லாவில் உச்சியிலிருந்து பக்கச்சரிவு வரை எல்லா வளையமும் ஆறு, ஆறரை என்று விரிந்திருந்தன. எங்கே அதிகம், எங்கே குறைவு என்று அளவுகோல் இல்லாமல் சொல்வது கஷ்டம். புதிய ஷீட்டில் கிழிசல் போன பாதையில் இருந்த வளையங்கள் முட்டை மாதிரி நீண்டு, ஒன்று இரண்டாகவே பிளந்திருந்தது. அதற்கு இரண்டு வளையம் தள்ளி அளந்தார். 5 மில்லிமீட்டர். திருப்பி வைத்து அளந்தார். அதே 5.

"இது ஒண்ணுமே வேலை செய்யலைங்களே அண்ணா" என்றார், அந்த உருண்டை வளையத்தின் மேல் விரலை வைத்து.